பூனைக்குட்டிக்குக் கண் வீங்கி பீளை தள்ளுது, கடையில் கொடுத்த சொட்டு மருந்தைத் தொடரலாமா?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். வீட்டில் ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டு, மூன்றரை மாதம். கடுவன் 1.4 கிலோ, பெட்டை 1.2 கிலோ. நாலு வயதுப் பெரிய பூனை ஒன்றும் இருக்கிறது. அதற்கு மட்டும் தடுப்பூசி போட்டிருக்கிறது, குட்டிகளுக்கு இன்னும் இல்லை.

கடுவன்: ஆறு நாளுக்கு முன் வலது கண்ணில் தண்ணீர் வடிந்தது. மறுநாள் இமையின் உள்பக்கச் சதை ரோஸ் நிறத்தில் பொதபொதவென்று வீங்கி வெளியே தள்ளியது. ஐந்தாம் நாள் இடது கண்ணிலும் அதே மாதிரி. தும்மல் எப்போதாவது ஒன்று. சாப்பாடும் விளையாட்டும் குறையவில்லை.

பெட்டை: தும்மல் அதிகம், மூக்கும் ஒழுகுகிறது. இடது கண்ணைப் பாதி மூடியே வைத்திருக்கிறது. ஜன்னல் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காலையில் மஞ்சள் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. நேற்றிலிருந்து கருவிழிமேல் ஒரு இடத்தில் லேசாக நீலம் கலந்த புகை படிந்த மாதிரி தெரிகிறது.

மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோபிளாக்சசினும் டெக்ஸாமெத்தசோனும் சேர்ந்த சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று நாளாக இரண்டு குட்டிக்கும் தினமும் மூன்று வேளை விடுகிறேன். கடுவனுக்குச் சிவப்பு குறைந்திருக்கிறது. பெட்டைக்கு இன்னும் மோசமாகிவிட்டது. மருந்தைத் தொடர்வதா? இரண்டுக்கும் ஒரே நோய்தானா? பெரிய பூனைக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா? நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அது சரியா?

---

விழிப்படலம் எழுதியது:

அந்தச் சொட்டு மருந்தை இப்போதே நிறுத்துங்க, இரண்டு குட்டிக்குமே. பெட்டையை இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்க, நாளைக்கு என்று தள்ள வேண்டாம். விவரமாக இரவு எழுதுகிறேன்.

காரணம் டெக்ஸாமெத்தசோன். அது ஸ்டீராய்டு. கருவிழிமேல் புண் இருந்து அதன்மேல் ஸ்டீராய்டு விழுந்தால் புண் ஆறாது, ஆழமாகப் போகும். கண்ணைச் சுருக்குவது, வெளிச்சம் ஆகாமல் போவது, ஒரு இடத்தில் நீலப்புகை, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் புண் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளணும், இல்லை என்று சோதித்து உறுதியாகும் வரைக்கும்.

கிளினிக்கில் ‘புளோரசின் சாயம் போட்டுப் பாருங்க’ என்று நீங்களே கேளுங்க. ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டை ஒன்றை சலைனில் நனைத்துக் கண்ணில் தொடுவார்கள். பிறகு கழுவிவிட்டு நீல விளக்கில் பார்த்தால் புண் உள்ள இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாக நிற்கும். ஐந்து நிமிட வேலை. கண் சிவந்து வரும் எந்தப் பூனைக்கும், ஸ்டீராய்டு எழுதுவதற்கு முன்னால் இந்தச் சோதனை நடந்திருக்கணும்.

---

மருந்துப்பட்டறை எழுதியது:

பார்மசிஸ்ட் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். சொட்டு மருந்து வாங்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்ட் பெயரைப் பார்த்தால் போதாது. ஆன்டிபயாடிக் மட்டும் உள்ளதும் ஸ்டீராய்டு கலந்ததும் ஒரே பெயரில் வரும், கடைசியில் ‘டி’ அல்லது ‘டெக்ஸ்’ என்று ஒட்டிக்கொண்டிருப்பது மட்டுமே வித்தியாசம். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால், புளூரோமெத்தலோன் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு.

கீட்டோரோலாக், புளூர்பிப்ரோபென் போன்ற வலிகுறைப்புச் சொட்டுகளும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். கண்ணை மரத்துப்போக வைக்கும் புரோபாரகெய்ன் சொட்டு பரிசோதனைக்கு மட்டும். மருத்துவர் ஒரு தடவை விட்டதும் குட்டி கண்ணை நன்றாகத் திறக்கிறதே என்று அதைக் கடையில் வாங்கி வீட்டில் விடக்கூடாது. மேல்தோல் வளரவே வளராது.

வலிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். குட்டிக்கு அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

---

விழிப்படலம் எழுதியது:

இப்போது விவரமாக.

நீங்க எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டு குட்டிக்கும் முன்னணியில் நிற்கும் கிருமி வேறு வேறாக இருக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு கிருமியும் சேர்ந்து சுற்றுவது புதிதல்ல.

கடுவனுக்கு உள்ளது கிளமிடியா பெலிஸ் என்ற பாக்டீரியாவின் தோற்றம். ஒரு கண்ணில் தொடங்கி ஒரு வாரத்துக்குள் அடுத்த கண்ணுக்குப் போவது, தும்மல் குறைவு, பசி நன்றாக இருப்பது. அந்தப் பொதபொத வீக்கம்தான் முக்கியம். இமையின் உள்சதை நீர் கோத்து, பழுத்த கொய்யாவின் உள்பக்கம் மாதிரி பிதுங்கி, சில சமயம் கருவிழியையே பாதி மறைக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட பூனைகளில்தான் இது அதிகம்.

பெட்டைக்கு உள்ளது பூனை ஹெர்பிஸ் வைரஸ் மாதிரி தெரிகிறது. தும்மல், மூக்கொழுகல், கண்ணைச் சுருக்குதல், கருவிழிப் புண். ஹெர்பிஸ் கருவிழியின் மேல்தோலையே நேராகத் தின்னும். சாயம் போட்டுப் பார்த்தால் மரக்கிளை பிரிந்த மாதிரி மெல்லிய பச்சைக் கோடுகள் தெரிந்தால் அது ஹெர்பிஸ்தான். ஆனால் எல்லாப் புண்ணும் அப்படிக் கிளையாக வராது, வட்டமாகவும் வரும்.

‘கடுவனுக்குச் சிவப்பு குறைந்தது’ என்றீங்க. அது ஸ்டீராய்டின் வேலை. சிவப்பு என்பது ரத்தக்குழாய் விரிவது, ஸ்டீராய்டு அதைச் சுருக்கிவிடும். கிருமி அங்கேயேதான் இருக்கும். ஹெர்பிஸாக இருந்தால் ஸ்டீராய்டு வைரஸை இன்னும் கிளப்பியும் விடும். இமை வெளுத்திருக்கும், புண் அடியில் ஆழமாகிக்கொண்டிருக்கும். பூனையின் கருவிழி அரை மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான், ஓட்டை விழ ரொம்ப நாள் ஆகாது.

இனி சிகிச்சை. எல்லாமே மருத்துவர் பார்த்து எழுதுவதுதான், அவர் எழுதுவது ஏன் என்று உங்களுக்குப் புரியணும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கிளமிடியாவுக்கு கண் சொட்டு மட்டும் போதாது. அது மூக்கு, தொண்டை, குடல் என்று உடம்பிலும் இருக்கும். வாய்வழி டாக்சிசைக்ளின், கிலோவுக்கு 10 மி.கி., நாளுக்கு ஒரு தடவை, முழுசாக 4 வாரம். 1.4 கிலோ குட்டிக்கு 14 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 25 மி.கி. என்று போட்டிருந்தால் 2.8 மி.லி. பாட்டிலுக்குப் பாட்டில் இந்த அளவு மாறும், அதனால் மில்லி கணக்கை மனப்பாடம் பண்ணாமல் லேபிளைப் பார்த்துப் போடுங்க. நாலைந்து நாளில் கண் தெளிந்துவிடும், இனி எதற்கு மருந்து என்று பத்தாம் நாளில் நிறுத்துவார்கள். அடுத்த மாதம் திரும்ப வரும். கிளமிடியா திரும்பி வருவதற்கு நான் பார்க்கும் முதல் காரணம் இதுதான். அசித்ரோமைசின் கொடுத்தாலும் கண் தெளியும், ஆனால் கிருமியை அடியோடு அழிப்பதில் டாக்சியளவுக்கு நம்ப முடியாது. நாலு வாரத்துக்கும் சின்னக் குட்டி என்றால் டாக்சிக்குப் பதில் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் எழுதுவது வழக்கம்.

பெரிய பூனைக்கும் மருந்து உண்டு. கிளமிடியா என்று முடிவானால் வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும் அதே நாலு வாரம், கண் சுத்தமாக இருந்தாலும்.

ஹெர்பிஸுக்கு வேறு பாதை. ஆன்டிபயாடிக் அந்த வைரஸைத் தொடாது. புண்ணில் பாக்டீரியா குடியேறாமல் காவல் காக்கத்தான் அது. குளோரம்பெனிகால் 1 சதவீத ஆயின்மென்ட் ஒரு நல்ல தேர்வு, நாளுக்கு 3 முதல் 4 தடவை. கிளமிடியாவின் மேலும், மைக்கோபிளாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியாவின் மேலும் அது ஓரளவு வேலை செய்யும். டோப்ராமைசின் புண்ணுக்குக் காவலாக நன்றாக இருக்கும், கிளமிடியாவுக்கு உதவாது. வைரஸையே அடக்க பாம்சிக்ளோவிர் மாத்திரை. பரவலாகப் பின்பற்றும் அளவு கிலோவுக்கு 90 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை. 1.2 கிலோவுக்கு வேளைக்கு 108 மி.கி. வரும். கடையில் கிடைப்பது 250 மி.கி. மாத்திரை, ஆக அரையைவிடக் கொஞ்சம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு இந்த அளவு ஆகாது, குறைக்கணும்.

மெடிக்கலில் ‘பாம்சிக்ளோவிர் இல்லை, வாலாசிக்ளோவிர் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொன்னால் வாங்காதீங்க. வாலாசிக்ளோவிர் பூனையின் எலும்பு மஜ்ஜை, ஈரல், சிறுநீரகம் மூன்றையும் கெடுத்துச் சாகடிக்கும். மனிதருக்கு ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போவது பூனைக்குப் போகாது.

அதே மாதிரி என்ரோபிளாக்சசின். மூக்குச்சளிக்காகச் சில இடத்தில் எழுதுவார்கள். பூனைக்கு நாளுக்குக் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டினால் விழித்திரை கெட்டு நிரந்தரமாகப் பார்வை போகலாம். கண்ணுக்கு வைத்தியம் பார்க்கப்போய் கண்ணையே இழக்க வேண்டாம்.

நந்தியாவட்டை வேண்டாம். மனிதர் கண்ணுக்கு நம் ஊரில் தலைமுறையாகச் சொல்லும் பூ என்பது தெரியும். ஆனால் அந்தச் செடியில் பால் வரும், அந்தப் பால் கண்ணை எரிக்கும். கசக்கிய சாற்றில் கிருமியும் தூசியும் உண்டு. மேல்தோல் உரிந்த கருவிழிமேல் அதை விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், தேன் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

---

பூனைவீடு எழுதியது:

விழிப்படலம் சார் மருந்தைச் சொல்லிட்டார். அதைக் கண்ணுக்குள்ள எப்படிப் போடுறதுங்கிறதுலதான் பாதிப் பேர் தடுமாறுறாங்க. அதை நான் சொல்றேன்.

முதல்ல பீளை. காய்ஞ்ச பீளையை நகத்தால பிய்க்கக் கூடாது, இமை முடியும் தோலும் சேர்ந்து வந்துரும். மெடிக்கல்ல 100 மி.லி. நார்மல் சலைன் பாட்டில் வாங்குங்க, 0.9 சதவீதம்னு போட்டிருக்கும். வெதுவெதுப்பா வேணும்னா வேணுங்கிற அளவு ஊத்தின கிண்ணத்தைச் சுடுதண்ணியில வைங்க. உங்க மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டா சூடே தெரியக் கூடாது. பஞ்சைவிட காஸ் துணி நல்லது, நூல் பிரிஞ்சு கண்ணுல ஒட்டாது. நனைச்ச துணியை மூடுன கண்ணுமேல 2, 3 நிமிஷம் சும்மா வைச்சுப் பிடிங்க, தேய்க்காதீங்க. ஊறி இளகினதும் மூக்குப் பக்க மூலையிலேர்ந்து வெளிப்பக்கமா ஒரே இழுப்பு, அந்தத் துணியை வீசிடுங்க. அடுத்த இழுப்புக்குப் புதுத் துணி. ஒரு கண்ணுக்கு எடுத்ததை இன்னொரு கண்ணுக்கோ இன்னொரு குட்டிக்கோ எடுக்காதீங்க. திறந்த சலைன் பாட்டில் 24 மணி நேரத்துக்கு மேல வேண்டாம். வீட்டுல உப்பு கரைச்சு வைக்கிற தண்ணி அளவு சரியா வராது, கண்ணு எரியும்.

இப்ப சொட்டு விடுறது. குட்டியை முன்னாடிலேர்ந்து நெருங்கினா பின்னாடியே போகும். உங்களுக்கு முதுகு காட்டி உட்கார வைங்க. ஒரு துண்டுல கழுத்து வரை சுத்துங்க, முன்னங்கால் ரெண்டும் உள்ள இருக்கட்டும். இடது கையால தாடைக்குக் கீழ பிடிச்சு முகத்தைக் கூரையைப் பார்க்கிற மாதிரி தூக்குங்க. வலது கையோட அடிப்பகுதி குட்டி நெத்தி மேல ஊன்றியிருக்கணும். அது தலையை ஆட்டினா உங்க கையும் சேர்ந்து ஆடும், பாட்டில் முனை கண்ணைக் குத்தாது. மேல் இமையை லேசா மேல இழுத்து, ஒரு சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து பின்பக்கமா ஒரே ஒரு சொட்டு. ரெண்டு சொட்டு விட்டாலும் கண்ணு ஒரு சொட்டைக்கூட முழுசாத் தாங்காது, மீதி கன்னத்துலதான் வழியும். முனை இமையிலயோ முடியிலயோ பட்டுட்டா அந்தப் பாட்டில் அந்தக் குட்டிக்கு மட்டும்தான்.

ரெண்டு மருந்து இருந்தா நடுவுல அஞ்சு நிமிஷம் விடுங்க. சொட்டு முதல்ல, ஆயின்மென்ட் கடைசியில. மாத்திப் போட்டா ஆயின்மென்ட் எண்ணெய்ப் படலம் சொட்டை உள்ள விடாது. ஆயின்மென்ட் ஒரு அரிசி அளவு, கீழ் இமையைக் கீழ இழுத்தா வர்ற பள்ளத்துல. இமையை மூடி ரெண்டு தடவை மெதுவா நீவி விடுங்க, உடம்புச் சூட்டுல உருகிப் பரவிடும். குளோரம்பெனிகால் போடுறப்ப கையுறை போட்டுக்குங்க, இல்லேன்னா போட்ட உடனே சோப்பால கழுவுங்க. அபூர்வமா மனுஷங்களுக்கு ரத்த உற்பத்தியையே பாதிக்கிற மருந்து அது.

கண்ணு பாப்பாவை விரிக்கிற அட்ரோபின் மாதிரி சொட்டு எழுதியிருந்தா, விட்ட அடுத்த நிமிஷம் வாயில நுரை தள்ளும். பயப்படாதீங்க. கண்ணுலேர்ந்து மூக்கு வழியா தொண்டைக்குப் போய்க் கசக்குது, அவ்வளவுதான். அஞ்சு பத்து நிமிஷத்துல நின்னுரும். பாம்சிக்ளோவிரும் பயங்கரக் கசப்பு. உடைச்ச மாத்திரையைச் சோத்துல கலந்தா அந்தச் சோத்தையே மறுபடி தொடாது. காலி ஜெலட்டின் கேப்சூல்ல அடைச்சுக் கொடுங்க.

டாக்சி மாத்திரையா கிடைச்சா ரொம்பக் கவனம். பூனைக்கு மாத்திரை உணவுக்குழாய்ல சிக்கிக்கும், டாக்சி அந்த இடத்தையே புண்ணாக்கும். ஆறின பிறகு குழாய் சுருங்கி, சாப்பிட்டதெல்லாம் வெளிய வரும். மாத்திரை போட்ட உடனே ஊசியில்லாத சிரிஞ்சுல 5, 6 மி.லி. தண்ணி, கடைவாய்ப் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா, இல்லேன்னா ஒரு வாய் சாப்பாடு. பால், தயிரோட வேண்டாம், கால்சியம் மருந்தைப் பிடிச்சு வைச்சுக்கும்.

கழுத்துல மாட்டுற புனல் மாதிரியான கோன் கட்டாயம். மருந்து எரியும், உடனே முன்னங்காலால கண்ணைத் தேய்க்கும், நகம் பட்டா இன்னொரு புண். கோன் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நிக்கணும். ‘பாவமா இருக்கு’ன்னு கழட்டுற அந்தப் பத்து நிமிஷம் போதும்.

---

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெட்டையை மாலையே காட்டிவிட்டேன். சாயத்தில் இடது கண்ணில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் புண் தெரிந்தது, மேலோட்டமானது என்றார். வலது கண் சுத்தம். குளோரம்பெனிகால் ஆயின்மென்ட் 4 வேளை, பாம்சிக்ளோவிர் 2 வேளை. கடுவனுக்குப் புண் இல்லை, டாக்சி சிரப் 28 நாள். பெரிய பூனைக்கும் பெட்டைக்கும் டாக்சி. பூனைவீடு அக்கா சொன்ன மாதிரி முதுகுப்பக்கம் உட்கார வைத்ததும் ஒரே தடவையில் போட முடிந்தது.

இன்னும் மூன்று சந்தேகம். புண் ஆறுகிறதா ஆழமாகிறதா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? எல்-லைசின் பவுடர் வாங்கலாமா? தரையை எதனால் துடைப்பது? வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருக்கிறது.

---

கடல்புறா எழுதியது:

லைசின் கண்டிப்பாகக் கொடுங்கள். ஹெர்பிஸுக்கு எல்லோரும் கொடுப்பதுதானே, பக்கவிளைவும் கிடையாது.

---

விழிப்படலம் எழுதியது:

கடல்புறா, அது பழைய நம்பிக்கை, பல வருஷம் கால்நடை மருத்துவர்களே எழுதிக் கொடுத்ததுதான். வைரஸ் பெருக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேண்டும், இன்னொரு அமினோ அமிலமான லைசின் அதைத் தடுக்கும் என்பது கணக்கு. ஆனால் பூனை உடம்பில் லைசின் அப்படி ஆர்ஜினினைக் குறைப்பதில்லை. குறைத்தாலும் ஆபத்து, ஆர்ஜினின் இல்லாமல் பூனை வாழாது. 2015இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த மறுஆய்வு ஒன்று, பலன் இல்லை, கொடுப்பதை நிறுத்தலாம் என்றே முடித்தது. காப்பகப் பூனைகளில் செய்த சில ஆய்வுகளில் லைசின் சாப்பிட்டவற்றுக்கு நோய் கூடுதலாகவே இருந்தது. அந்தப் பணத்துக்குப் பெட்டைக்கு வாசனை தூக்கலான ஈரச் சாப்பாடு வாங்கலாம். மூக்கடைத்த பூனை மணம் தெரியாமல்தான் சாப்பிடாமல் கிடக்கும். லேசாகச் சூடாக்கி வைத்தால் தின்னும்.

வீட்டில் புண்ணைப் பார்க்கிற விதம்: டியூப்லைட்டுக்கு நேராகக் குட்டியைப் பிடிங்க. நல்ல கருவிழியில் அந்த விளக்கு ஒரு நேர்க்கோடாக, விளிம்பு கூராக, கண்ணாடியில் தெரிவது மாதிரி விழும். முகத்தை மெல்லத் திருப்பித் திருப்பி அந்தக் கோடு கருவிழி முழுக்க ஓடுகிற மாதிரி பாருங்க. புண் உள்ள இடத்தைக் கடக்கும்போது கோடு நெளியும், உடையும், மங்கும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே விளக்கில் பார்த்து போனில் படம் எடுத்து வைங்க. பக்கவாட்டிலிருந்தும் ஒரு படம் வேண்டும், பள்ளம் விழுந்தால் அதில்தான் தெரியும்.

இதில் எது தெரிந்தாலும் மறுபரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போங்க: கண்ணை முழுசாக இறுக்கி மூடிக்கொள்வது, புகை பரவி வெண்மையோ மஞ்சளோ ஆவது, கருவிழியில் குழி, அந்த இடம் ஜெல்லி மாதிரி கொழகொழவென்று தொங்குவது. ஜெல்லி என்றால் கருவிழி உருகுகிறது என்று அர்த்தம், அதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து வேண்டும். பூனையின் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தையே சொட்டாக விடுவார்கள். சென்னைப் பக்கம் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது.

எதுவும் இல்லை, நன்றாகப் போகிறது என்றாலும் மூன்றாம் நாள் ஒரு தடவை சாயம் போட்டுப் பாருங்க. மேலோட்டமான புண் ஒரு வாரத்துக்குள் மூடணும். ஏழு நாள் தாண்டியும் பச்சை நின்றால் ‘ஆறட்டும்’ என்று அதே மருந்தை நீட்டக் கூடாது, ஏன் ஆறவில்லை என்று தேடணும். மூக்குப்பக்க மூலையில் உள்ளே இருக்கும் மூன்றாம் இமைக்குப் பின்னால் புல் முள் சிக்கியிருக்கலாம், இமை உள்ளே மடிந்து முடி உரசலாம், கோன் கழன்றிருக்கலாம். ஆறாத புண்ணுக்கு நாய்களில் ஊசியால் கட்டம் கீறிவிடும் முறை ஒன்று உண்டு. பூனைக்கு அதைச் செய்யக் கூடாது, கருவிழியில் ஒரு பகுதி செத்துக் கறுப்புத் தகடாகிவிடும். பெர்ஷியன் பூனைகளுக்கு அந்தத் தகடு தானாகவே வரும். யாராவது பெர்ஷியன் வைத்திருந்து, கருவிழியில் காப்பிக்கறை மாதிரி ஒரு புள்ளி பார்த்தால் சொட்டு மருந்தோடு நிற்காதீங்க, பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும்.

ஹெர்பிஸ் பற்றி ஒரு உண்மையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கண் ஆறினாலும் வைரஸ் முகத்து நரம்பு முடிச்சில் வாழ்நாள் முழுக்கத் தங்கும். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, கருத்தடை ஆபரேஷன், பூனை ஹாஸ்டலில் விடுவது போன்ற நெருக்கடிக்கு ஒரு வாரம் கழித்து அதே கண் திரும்பச் சுருங்கலாம். அப்போது பழைய பாட்டிலைத் தேடி எடுக்காதீங்க. திறந்து ஒரு மாதம் ஆன சொட்டு மருந்து குப்பைக்குத்தான் போகணும், தவிர அப்போது புதுப்புண் இருக்கிறதா என்று மறுபடி பார்க்கவும் வேண்டும்.

---

பூனைவீடு எழுதியது:

தரைக்கு பினாயிலும் டெட்டாலும் வேண்டவே வேண்டாம். பூனை நடந்த பாதத்தை நக்கும், அந்த வகை ரசாயனத்தைப் பூனை ஈரலால பிரிச்சு வெளியேத்த முடியாது. வாசனை இல்லாத சாதா பிளீச்சை 1 பங்குக்கு 31 பங்கு தண்ணி கலந்து, சோப்புப் போட்டுத் துடைச்ச தரையில பத்து நிமிஷம் நிக்க விட்டு, நல்ல தண்ணியில துடைச்சு, காய்ஞ்ச பிறகு பூனையை விடுங்க. கலந்ததை அன்னைக்கே தீர்த்துடுங்க. ஹெர்பிஸ் வெளியில ஒரு நாள்கூடத் தாங்காத வைரஸ்தான். நேருக்கு நேர் தும்மல், ஒரே கிண்ணம், உங்க கை, இதுலதான் பரவும். அதனால முதல்ல கடுவனுக்கும் பெரியதுக்கும் மருந்து, கடைசியில பெட்டைக்கு. நடுவுல கை கழுவுங்க. மூணுக்கும் தனித்தனிக் கிண்ணம், பெட்டை தனி அறை.

குழந்தைக்கு: பூனை ஹெர்பிஸ் மனுஷருக்கு வராது. கிளமிடியா ரொம்ப அபூர்வமா மனுஷர் கண்ணைச் சிவக்க வைக்கும். பூனையைத் தொட்ட கையால கண்ணைத் தேய்க்காம, கை கழுவினாப் போதும். நாலு வாரத்துக்குப் பூனையைக் குழந்தையோட தலையணையில படுக்க விடாதீங்க.

---

வாசல்கோலம் எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி. தெருப்பூனை ஒன்று மாடிப்படியில் ஈன்றிருக்கிறது. குட்டிகளுக்கு ஒன்பது நாள் இருக்கும். ஒரு குட்டிக்கு மூடிய இமைக்குள் பட்டாணி மாதிரி உப்பியிருக்கிறது, மூலையில் மஞ்சளாகக் கசிகிறது. கண் திறக்கும் வரை காத்திருக்கலாமா?

---

விழிப்படலம் எழுதியது:

காத்திருக்க வேண்டாம், இது அவசரம். குட்டிக்குக் கண் 7 முதல் 14 நாளுக்குள் திறக்கும். மூடியிருக்கும்போதே உள்ளே சீழ் கட்டினால் வெளியேற வழியில்லாமல் கருவிழியை அரித்துவிடும், கண் திறக்கும்போது உள்ளே கண்ணே இருக்காது. வெதுவெதுப்பான சலைன் துணியை ஐந்து நிமிடம் ஒத்தி, மூக்குப்பக்க மூலையிலிருந்து இரண்டு விரலால் இமைகளை மெல்லப் பிரிக்கணும். கத்தரிக்கோல், ஊசி எதையும் கொண்டு போகாதீங்க. பிரியவில்லை என்றால் வலிந்து இழுக்காமல் மருத்துவரிடம் போங்க. பிரிந்ததும் சீழ் முழுக்க வரும்வரை சலைனால் கழுவி, ஸ்டீராய்டு இல்லாத ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட், நாளுக்கு 3, 4 வேளை. இமை மறுபடி ஒட்டும், வேளாவேளைக்கு ஒத்தி எடுத்துத் திறந்தே வைக்கணும். பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்கணும், கருவிழி ஏற்கெனவே புண்ணாகியிருக்கலாம். மற்றக் குட்டிகளின் இமையையும் இப்போதே தடவிப் பாருங்க, ஒன்றுக்கு வந்தால் அடுத்ததுக்கும் வரும்.

---

மொட்டைமாடி எழுதியது:

எட்டாம் நாள் நிலவரம். பெட்டைக்குச் சாயம் ஒட்டவில்லை, கண்ணை முழுசாகத் திறக்கிறது. டியூப்லைட் கோடும் உடையாமல் ஓடுகிறது, பழைய இடத்தில் ஒரு சின்ன மங்கல் மட்டும் இருக்கிறது. கடுவனுக்கு வீக்கம் போய்விட்டது, டாக்சி தொடர்கிறது. தடுப்பூசி எப்போது போடலாம்?

---

விழிப்படலம் எழுதியது:

அந்த மங்கல் தழும்பு. குட்டி வயது என்பதால் மாதக்கணக்கில் இன்னும் மெலியும், அதற்காக எதுவும் விட வேண்டாம். பாம்சிக்ளோவிரை எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார், கண் நன்றாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீங்க.

தடுப்பூசி கடுவனின் 28 நாளும் முடிந்து, இரண்டும் தும்மாமல், நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு. மூன்று நோய்க்கான ட்ரைகேட் ஊசி, 3 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தடவை. அப்போது வயது 16 வாரத்தைத் தாண்டியிருக்கும், அதுதான் தேவை. ஹெர்பிஸ் ஏற்கெனவே வந்துவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிடாதீங்க. ஹெர்பிஸும், பூனைச்சளி தரும் இன்னொரு வைரஸான காலிசியும் வராமல் முழுசாக அது தடுக்காது, வந்தாலும் கடுமையைக் குறைக்கும். குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் பார்வோ வைரஸையோ நன்றாகவே தடுக்கும்.

இருபத்தெட்டாம் நாள் டாக்சி பாட்டிலில் மிச்சம் இருந்தால் எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்க.